கதவு வரையாத படம்

பதினோராங்கட்டைத் தோட்டம், தாப்பா
1921 பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணி,

தீபாவளிக்கு வந்தவர்கள் பலகாரத்தைக்கூடத் தொடாமல் மத்தியான ரயிலுக்கே கிளம்பிப் போனீர்கள். அதன் பிறகு நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. "அக்காவுக்கு ஒரு வரி போடேன்" என்று உங்கள் தம்பி இரண்டு தடவை சொன்னார். போடவில்லை. இப்போது போடுகிறேன் என்றால் கோபம் தீர்ந்துவிட்டதென்று அர்த்தமில்லை. பயம் வந்திருக்கிறது. அதை உங்களிடம் ஒளிப்பானேன்?

ரப்பர் விலை விழுந்து விழுந்து, பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர்தான் இருக்கிறார்கள். போன வாரம் துரையையே சீமைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இந்தத் தோட்டத்தில் துரைசானியோடு இங்கிலீஷ் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால், போகும்போது தையல் பெட்டியையும் ஒரு கட்டுச் சீட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். டாரோ என்று பெயர். நம் கிளி ஜோசியக்காரன் சீட்டு போலத்தான், கிளிக்குப் பதிலாக நம் கையே எடுக்கிறது. படம் பார்த்துப் பலன் சொல்ல ஒரு சின்னப் புத்தகமும் உண்டு.

படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்பீர்கள். சென்னைக் காலேஜில் இரண்டு வருஷம் தர்க்கம் படித்தவள்தான். குழந்தைக்கு நெற்றி சுட்டால் அந்தத் தர்க்கம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

குழந்தை சுகிர்தத்தை நினைத்து மூன்று நாள் மூன்று சீட்டு எடுத்தேன். மூன்று தடவையும் ஒரே சீட்டு வந்தது. கந்தல் கட்டிய ஒருத்தியும், கட்டை ஊன்றிய ஒரு நொண்டியும் குளிரில் தெருவோடு போகிறார்கள். அவன் கழுத்தில் மணி. அவர்கள் தலைக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், உள்ளே வெளிச்சம். இல்லாமை, வீடிழத்தல் என்கிறது புத்தகம்.

புது துரை வந்ததும் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிகளையும் குறைப்பார் என்று பேச்சு. உங்கள் தம்பிக்கு வேலை போனால் இந்த வீடும் போகும். ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் எந்தத் தெருவில் நடப்பேன்? அம்மன் கோயிலில் அவள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யுங்கள்.

நவமணி

*

புந்தோங், ஈப்போ
1921 பிப்ரவரி 13

சௌபாக்கியவதி நவமணி அம்மாளுக்கு சகல மங்களமும் உண்டாவதாக. இவ்விடம் யாவரும் க்ஷேமம்.

அந்த மங்களத்த எல்லாம் நான் சொல்லல, அது உடையப்பண்ணன் கை வேலை. இனிமே நான் சொல்றத அப்படியே எழுதுங்கன்னு சொல்லிட்டேன். எனக்கு எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியும். பக்கத்துக் கடையில நிக்கிற மனுஷன் இவரு. காலையில நம்ம மாட்டுக் கொட்டாய்க்குப் பால் வாங்க வாரப்போ காயிதம் வந்திருந்தா படிச்சுக் காட்டுவாரு, நான் சொல்லச் சொல்ல எழுதுவாரு.

பயம் வந்தாத்தான் அண்ணி ஞாபகம் வருதோ? சரி, அர்ச்சனை பண்ணியாச்சு. புள்ள பேருக்கு மட்டும். உன் பேரச் சொல்லல. எனக்கும் கோவம் தீரல லா.

நீ ரெண்டாம் மாசம் காச்சல்ல கெடந்து பால் வத்திப் போனப்போ, புள்ள கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. கூலியாளுங்க லயத்துக்கு ஓடிப் போயி ராக்காயியக் கூட்டியாந்தது நான்தான். அவ தன் புள்ளையப் பொதைச்சு இருவது நாள்கூட ஆகல. கிராணி வீட்டுப் புள்ள லயத்துக்காரி பால் குடிக்குதுன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு நீ சொன்ன. அதுக்கும் தலையாட்டிட்டு, பொழுது விடியறதுக்குள்ள பின் வாசல் வழியா வந்து வந்து ஏழு மாசம் குடுத்தா. தீபாவளிக்கு வந்து "ராக்காயி எங்க?"ன்னு கேட்டேன். "போயிட்டாங்க"ன்ன. கோழி ஒண்ணு கூண்டத் தாண்டிப் போயிருச்சுங்கற மாதிரி சொன்ன. ஏன் போனாங்கன்னு அப்பக் கேட்டதுக்கு இன்னும் நீ பதில் சொல்லல.

அந்தச் சீட்ட அனுப்பு. உன்ன மூணு நாளா மெரட்டறது எப்படி இருக்குன்னு பாப்போம்.

செல்லாயி சொல்ல எழுதியது, உடையப்பன்

*

பதினோராங்கட்டைத் தோட்டம்
1921 பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். படத்தில் வெள்ளை வெள்ளையாக விழுவது பனி. அந்த ஊரில் மழைக்குப் பதிலாக அது விழுமாம். ஜன்னல் அவர்கள் கோயிலின் ஜன்னல்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: விலை விழுந்ததால் ஆள் குறைத்தார்கள். ராக்காயி புருஷன் சின்னையாவுக்குக் காலில் ஆறாத புண், அதோடு காய்ச்சல். பாதி நாள் அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கே வரவில்லை. வேலைக்கு வராதவர்களைத்தானே முதலில் நிறுத்துவார்கள்? புருஷனை நிறுத்தினால் பெண்சாதியும் லயத்தை விட வேண்டியதுதான். இதில் எங்கள் கையில் என்ன இருக்கிறது?

குழந்தைக்கு நான்கு பல். நேற்று எதையும் பிடிக்காமல் நின்றாள்.

நவமணி

*

புந்தோங்
1921 மார்ச் 2

நவமணிக்கு,

உன் சீட்டு புந்தோங் பூராவும் ஒரு சுத்து சுத்தி வந்திருச்சு. பனின்னு நீ எழுதியும் ஒருத்தரும் ஒத்துக்கல. எலவம் பஞ்சு வெடிச்சுப் பறக்குதுன்னு உடையப்பண்ணன் சொல்றாரு. எதுத்த வீட்டு வீரம்மா, பால் புடிக்கிற மங்கு கவுந்து ரப்பர் பால் தெறிச்சிருக்குங்கறா. "அப்ப வெட்டினவன அந்தத் துரை சும்மா விட்டிருக்க மாட்டானே"ன்னு நான் சொன்னேன். கொட்டாயில எல்லாரும் சிரிச்சோம்.

(அம்மணி, பனி என்று நானும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. – உடையப்பன்)

எனக்கு அந்த நொண்டியப் பாத்தா சின்னையாதான் ஞாபகம் வந்தான். அதச் சொல்லிட்டேன், நீ கோவிச்சாக் கோவிச்சுக்க.

இன்னொண்ணு. படத்த மேலயும் கீழயும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஜன்னல் இருக்கு, வெளக்கு இருக்கு. கதவு எங்க? கதவே இல்லாம எவனாச்சும் கோயில் கட்டுவானா? எழுதினவன் மறந்துட்டானா, இல்ல அந்த ஊரு வழக்கமே அப்படியா? "இவங்க ரெண்டு பேரும் எங்கிட்டுப் போயித் தட்டுவாங்க?"ன்னு கேட்டேன். இங்க சாணி அள்ளிக்கிட்டிருந்த ஒருத்தி படத்த வாங்கிப் பாத்தா. பாத்துட்டு, "கதவு இல்லாட்டி உள்ள இருக்கறவங்களும் வெளிய வர முடியாதே அக்கா, பாவம்"னா. எல்லாரும் தெருவுல போறவங்களப் பாக்கறாங்க, இவ உள்ள இருக்கறவங்களுக்குப் பரிதாபப்படறா. பைத்தியக்காரின்னு திட்டினேன்.

புள்ளையக் கிணத்துப் பக்கம் விடாத.

செல்லாயி

*

பதினோராங்கட்டைத் தோட்டம்
1921 மார்ச் 7

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆறு ஏழு தடவை படித்துவிட்டேன். அந்தப் "பாவம்" என்ற ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. யார் அதைச் சொன்னது?

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் அது கிராணி ஆபீசில் சொல்கிற பதில். வீட்டில் நடந்தது வேறு.

ஐப்பசியில் இருபது பேரை நிறுத்தச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். யார் யார் என்று எழுதித் தர வேண்டியவர் உங்கள் தம்பி. பெயரை எழுதுவதும் அடிப்பதுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு எழுதிவிட்டார். மேலே கை ஓடவில்லை. நான்தான் அண்ணி சொன்னேன்: "சின்னையா வீட்டில் ஓயாமல் காய்ச்சல். அவள் அந்தக் கையோடு வந்து பிள்ளையைத் தொடுகிறாள். நாளைக்கு இதற்கு ஒட்டிக்கொண்டால்?" அவர் தலையைத் தூக்கி, "அது ராக்காயி வீடு இல்லையா?" என்று கேட்டார். "பிள்ளைதான் இப்போது கஞ்சி குடிக்கிறதே" என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன்.

அவர்கள் லயத்தை விட்டுப் போன அன்று சாயங்காலம் பெருமழை. அடுப்படியில் விளக்கேற்றிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நம் வீட்டில் கண்ணாடி போட்ட ஜன்னல் அங்கே ஒன்றுதானே. அதன் வழியாகப் பார்த்தேன். தலையில் மூட்டையோடு ராக்காயி பின் வாசலுக்கு வந்தாள். சின்னையா கம்பை ஊன்றிக்கொண்டு வாழைமரத்தடியில் நின்றார். அவள் கதவைத் தட்டவில்லை. "அம்மா, பாப்பாவ ஒரு தரம் பாத்துட்டுப் போயிரறேன்" என்று மட்டும் கேட்டாள். காய்ச்சல், காய்ச்சல் என்றே என் மனசு அடித்துக்கொண்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, "குழந்தை தூங்குது ராக்காயி" என்றேன். அவள் குரலைக் கேட்டதும் சுகிர்தம் இடுப்பிலிருந்து கதவுப் பக்கம் முழு உடம்பையும் சாய்த்தாள். கையை நீட்டிச் சத்தம் போட்டாள். தூங்குகிற பிள்ளை போடுகிற சத்தமில்லை அது. வெளியே கேட்காமல் இருக்காது. ராக்காயி தலையிலிருந்த மூட்டையைச் சரிப்படுத்திக்கொண்டாள். பிறகு, "சரிங்கம்மா, தூங்கட்டும்" என்றாள். போய்விட்டார்கள்.

மூன்று தடவை அந்தச் சீட்டு வந்தபோதும் தெருவில் நடக்கிறவள் நான் என்றே நினைத்துக்கொண்டேன். பலன் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. துன்பப்படுகிற ஆள் எதுவோ அதுதான் நாம். நீங்கள் கதவு எங்கே என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. நான் விளக்குப் பக்கத்தில் நிற்கிறவள். ஆனால் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் கதவு இருந்தது. அதன் தாழ்ப்பாளும் என் கையில்தான் இருந்தது.

படத்தில் அந்த இரண்டு பேரும் ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா? திட்டவில்லை, கையேந்தவில்லை. தங்கள் வழியில் போகிறார்கள். உள்ளே இருப்பவளைத் திட்ட ஒருவரும் இல்லாதபோதும் அவள் ஏன் இத்தனை நாள் நடுங்கிக்கொண்டே இருந்தாள் என்பதற்கு அந்தச் சாணி அள்ளுகிறவள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டாள். உள்ளே இருப்பவளால் வெளியே வர முடியவில்லை.

ராக்காயியைத் தேடிப் பாருங்கள் அண்ணி. ஈப்போ பக்கம்தான் நடந்து போனார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். கோயில் வாசல், ஆஸ்பத்திரி, எங்கேயாவது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதம் நம் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும்.

நவமணி

*

புந்தோங்
1921 மார்ச் 14

அம்மணிக்கு உடையப்பன் எழுதுவது. உங்கள் கடிதத்தைப் பிரித்து, வழக்கம்போல் கொட்டகையில் எல்லார் முன்பும் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். இருவருக்குள் இருக்கட்டும் என்பதைக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். முதல் வரியில் எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். இனி செல்லாயி அம்மா சொல்வது.

நவமணி, நீ படிச்சவ. காயிதம்னா ஒருத்தர் எழுதறது, ஒருத்தர் படிக்கறதுன்னு உனக்குப் பழக்கம். இங்க அது தண்டோரா போடற மாதிரி லா. ஊரே கேக்கும். நீ அத மறந்துட்ட. நானும் உனக்கு ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன். ராக்காயியும் சின்னையாவும் மார்கழியிலருந்து என் வீட்லதான் இருக்காங்க. பசார்ல கண்டு கூட்டியாந்தேன். சாணி அள்ளறவ அவதான். "பாவம்"னு சொன்னவளும் அவதான்.

காயிதம் படிக்கறப்ப மாட்டுக்குப் புல்லு போட்டுக்கிட்டிருந்தா. பேரு வந்ததும் உடையப்பண்ணன் நாக்கு ஒளற ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு வரி தாண்டிக் குதிச்சுப் பாத்தாரு. "நிறுத்தாதீங்கண்ணே, படிங்க"ன்னா. கடைசி வரைக்கும் படிச்சாரு. பேரு குடுத்தது நீன்னு அவளுக்கு இது வரைக்கும் தெரியாது. தொரை எழுதினதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தா. சின்னையா எந்திரிச்சு வெளிய போயிட்டான். அவ மிச்சப் புல்லையும் போட்டா. தொட்டியில தண்ணி ரொப்பினா. அப்பறம் என்கிட்ட வந்து, "பாப்பா நடக்குதாமாக்கா?"ன்னு கேட்டா. அன்னிக்கு அவ ராச்சோறு சாப்பிடல.

உன்னத் தவிக்க விடணும்னுதான் நான் மூணு மாசமா வாயத் தொறக்கல. நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நல்லால்ல.

அவங்க ஊருக்குப் போறாங்க. வேலையில்லாதவங்கள சர்க்காரு கப்பல்ல ஏத்தி நாகப்பட்டணத்துல விடுதாம், பேரு குடுத்துட்டாங்க. இந்த மாசம் இருவத்தாறாந்தேதி பினாங்குல கப்பல்.

செல்லாயி

*

பதினோராங்கட்டைத் தோட்டம்
1921 மார்ச் 16

அண்ணி,

எழுதியதை எழுதவில்லை என்று இனி சொல்ல முடியாது. அவள் கேட்டதும் ஒரு வகையில் நல்லதுதான் என்று எழுத உட்கார்ந்தேன். அது எனக்குத்தான் நல்லது, அவளுக்கு இல்லை. அதனால் அதை எழுதவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் குழந்தையோடு வருகிறேன். ஈப்போவில் அம்மை போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வருகிறேன். உங்கள் தம்பி கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன், வாயைத் திறந்தவள் நான்தானே. புது துரை இன்னும் ஆள் குறைக்க வந்தவர். அவர்கள் இருவரையும் மறுபடி வேலையில் சேர்க்க உங்கள் தம்பியால் ஆகாது. கையில் ஒன்றும் இல்லாமல்தான் வருகிறேன்.

நான் வருவதில் ராக்காயிக்கு இஷ்டமில்லை என்றால் ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். யாரையும் காணாவிட்டால் அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன். அவளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

நவமணி

*

புந்தோங்
1921 ஏப்ரல் 3

நவமணிக்கு,

கப்பல் ஏறிட்டாங்க. பினாங்கு வரைக்கும் கூடப் போயிட்டு வந்த நம்ம கோயில் ஆளு சொன்னாரு. சின்னையாவுக்குக் கால் வீக்கம் கொறஞ்சிருக்கு, கம்ப விட்டுட்டே ரெண்டு எட்டு வெச்சானாம்.

நீ வந்த அன்னிக்கு ஸ்டேஷனுக்கு நான் கெளம்பி நின்னேன். "நீங்க மாட்டப் பாருங்கக்கா"ன்னு சொல்லிட்டு எனக்கு முன்னாடி அவ போயிட்டா. இது உனக்குத் தெரிய வேணாமா, அதான் சொல்றேன்.

புள்ள அவளப் பாத்ததும் வீல்னு கத்தி உன் கழுத்தக் கட்டிக்கிச்சே, அதான் எனக்கு ஆறல. ஏழு மாசம் மாரக் கடிச்ச புள்ள! அவ சிரிச்சுக்கிட்டே, "அதுக்கு என்னக்கா தெரியும், விடுங்க"ன்னா. எனக்குத்தான் வயிறு எரிஞ்சிச்சு.

நான் பசாருக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க? திரும்பி வந்தா நீ பேனாவ மூடிக்கிட்டிருக்க, அவ காயிதத்த மடிச்சு முந்தியில முடிஞ்சுக்கிட்டிருக்கா. உடையப்பண்ணன் இருக்கறப்ப உன்ன எதுக்கு எழுதச் சொன்னா? போற வரைக்கும் கேட்டேன். "அது ஊருக்குக்கா"ன்னு சிரிக்கிறா. எனக்கு மண்டை வெடிச்சிரும் போல இருக்கு, சொல்லிரு. சீட்டு என்கிட்டதான் இருக்கு, அனுப்பவா?

செல்லாயி

(நானும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். – உடையப்பன்)

*

பதினோராங்கட்டைத் தோட்டம்
1921 ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணி,

உடையப்பன் அவர்களே, இதைக் கொட்டகையில் எல்லாரும் இருக்கும்போதே படியுங்கள்.

சீட்டு உங்களிடமே இருக்கட்டும். குழந்தையைப் பற்றி அதனிடம் கேட்பதை விட்டுவிட்டேன். பயம் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். நேற்றும் இரண்டு தும்மலுக்குத் தைலக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உங்கள் தம்பிக்கு இந்த மாதம் வேலை இருக்கிறது. அடுத்த மாதம் தெரியாது.

அன்று நீங்கள் போனதும் நான் பேச வாயெடுத்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள். "அதான் காயிதத்துல கேட்டேனேம்மா" என்றாள் ராக்காயி. மறுபடி அதைச் சொல்ல வைக்க வேண்டாம் என்பதுபோல் இருந்தது அவள் குரல். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். "ஊருல அண்ணனுக்கு ஒரு காயிதம் எழுதணும். நீங்க எழுதுங்கம்மா" என்றாள்.

உட்கார்ந்து எழுதினேன். அவர் பெயர், ஊர், தபால் விலாசம் எல்லாம் சொன்னாள். இன்ன தேதிக்குக் கப்பல் வரும், சின்னையாவுக்குக் கால் சரியில்லை, ஆனால் உழைப்பார் என்றாள். அப்புறம், "தோட்டத்துல எங்கள நல்லா வெச்சிருந்தாங்க" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிறாளோ என்று தேடினேன். இல்லை அண்ணி. அப்படி ஒன்றும் இல்லை.

"எழுதுங்கம்மா," என்றாள். "அண்ணன்தான் எங்களக் கப்பல் ஏத்தி விட்டுச்சு. கஷ்டப்பட்டோம்னு கேட்டா அது தாங்காது."

"ராக்காயி, அதை நான் எப்படி எழுதுவேன்?"

"நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்."

எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த இடத்தில் உண்மையை எழுதியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். அவள் சொன்னதையே எழுதினேன். ஒரு தரம் படிக்கச் சொன்னாள். அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை, நான் படிக்கும்வரை காத்திருந்தாள். முடித்ததும், "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

"என்ன?"

"வெறுங்கையோட வாரேன்னு நெனைப்பாங்கம்மா. புள்ளகுட்டி இல்லையான்னு ஊரே வந்து வெசாரிக்கும். அதனால முன்னாடியே எழுதிருங்க. ஒண்ணப் பொதைச்சேன், ஒண்ண வளத்தேன்னு."

குழந்தை அப்போதும் அவளிடம் போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று, அவளை ஒற்றைக் கண்ணால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே தெரியக் கூடாது என்று நான் சொல்லியிருந்தது இதைத்தானே அண்ணி? "பெயர் போடட்டுமா?" என்று கேட்டேன்.

ராக்காயி கொஞ்சம் யோசித்தாள். "போடலாமாம்மா?" என்றாள்.

சுகிர்தம் என்று எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

நவமணி